உடுப்பு நனைந்தால் நனையட்டும்: கொழும்பின் மின்னல் காலத்துக்கு ஒரு வழிகாட்டி

கொழும்புக்கு வந்த முதல் சித்திரையில் வெள்ளவத்தையில் ஒரு போடிங்கில் இருந்தேன். பின்னேரம் மூன்றரை மணி இருக்கும். கடல் பக்கம் வெயில் எறித்துக்கொண்டிருந்தது. கிழக்கே, நுகேகொடைப் பக்கம், வானம் கரிச்சட்டி மாதிரி இருண்டு கிடந்தது. கீழேயிருந்து வீட்டுக்கார அன்ரி கூப்பிட்டா: "தம்பி, மழை வரப்போகுது, மேல காயிற உடுப்புகளை எடுங்கோ!"

மொட்டைமாடிக்கு ஓடினேன். தண்ணீர்த் தாங்கியின் இரும்புக் காலிலிருந்து டிஷ் அன்டெனாவின் குழாய் வரை இழுத்துக் கட்டிய கம்பி. அதில் என் சேர்ட்டுகள், சாரங்கள், அன்ரியின் படுக்கை விரிப்புகள். மூன்றாவது கிளிப்பைக் கழற்றும்போது எல்லாம் ஒரே வெள்ளையாகிப் போனது. சத்தமும் அந்த நொடியிலேயே வந்தது. தூரத்து இடியின் உருட்டல் இல்லை அது; காய்ந்த பலகையை முறித்தது போல ஒரு வெடிப்பு. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழே அறையில் ரவுட்டர் செத்துக் கிடந்தது, அன்ரியின் ரிவி டிகோடரும் போய்விட்டது. வாங்கிய கடையில், மின்னலுக்கு வாரண்டி இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

ஊரில் இடி முழங்கும்போது பனைக்குக் கீழே நிற்கமாட்டேன், வயலில் நிற்கமாட்டேன். கொழும்பில் சுற்றிவர மாடிகள், நமக்கென்ன என்று நினைத்தேன். வட்டாரத்திலேயே உயரமான இடத்தில், இரும்புகளுக்கு நடுவே, கையில் கம்பியோடு நின்றது பிறகுதான் உறைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ படிக்கவும் வேலைக்கும் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், எப்போது பயப்பட வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கொழும்பில் மழை பெய்யாத மாதம் என்று ஒன்றைச் சொல்வது கஷ்டம். ஆனால் எல்லா மழையும் மின்னல் மழை இல்லை. மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றோடு வரும் மழை நாள் முழுக்க ஊற்றும், வெள்ளம் போடும், இடி குறைவு. மின்னலின் காலம் இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம்: மார்ச், ஏப்ரல் ஒரு தடவை, ஒக்டோபர், நவம்பர் இன்னொரு தடவை. நம் கணக்கில் பங்குனி சித்திரையும் ஐப்பசி கார்த்திகையும். புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் உடுப்பெடுக்கப் புறக்கோட்டையில் அலைகிற அதே நாட்கள்.

அந்த மாதங்களில் பெரிய காற்று இருக்காது. காலையில் வெயில் நிலத்தைச் சுட வைக்கும். சூடான காற்று மேலெழும்ப, கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்க, மத்தியானத்துக்குப் பிறகு உள்நாட்டுப் பக்கம் மேகம் கோபுரமாக வளரும். அதனால்தான் கொழும்பின் இடி பெரும்பாலும் பின்னேரத்தில் வருகிறது. வியர்த்துக் கொட்டும், இலை அசையாத, 'என்னடா புழுக்கம்' என்று சொல்ல வைக்கும் மத்தியானம் ஒன்று வந்தால் பின்னேரத்தைப் பற்றிக் கொஞ்சம் யோசியுங்கள்.

பௌத்தாலோக மாவத்தையில் இருக்கும் வளிமண்டலவியல் திணைக்களம் தமிழிலும் அறிக்கை விடுகிறது. 'பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் மேல், சப்ரகமுவ மாகாணங்களில் இடியுடன் கூடிய மழை' என்ற வரி வாராவாரம் வருவதால் யாரும் கவனிப்பதில்லை. நான் அந்த வரியை இப்படித்தான் வாசிக்கிறேன்: உடுப்பை இரண்டு மணிக்குள் எடு. தனியாக மின்னல் எச்சரிக்கை வந்தால் அதைக் கட்டாயம் மதியுங்கள். பஸ்ஸில் யாராவது சிங்களத்தில் 'அக்குணு' என்றோ 'ஹெண கஹனவா' என்றோ சொன்னால் பேச்சு மின்னலையும் இடியையும் பற்றியது. ஜன்னலுக்கு வெளியே ஒருதரம் பாருங்கள்.

எண்ணப் பழகுங்கள்

'இடி விழுந்து செத்தான்' என்று சொல்கிறோம். திட்டும்போதும் தலையில் இடி விழ வேண்டும் என்றுதான் திட்டுகிறோம். விழுவது மின்னல். இடி அதன் சத்தம் மட்டும். சத்தம் கேட்டுவிட்டால் அந்த மின்னல் உங்களை விட்டுவிட்டது என்று அர்த்தம். அடுத்தது எங்கே என்பதுதான் கேள்வி.

ஒளி உடனே வந்துவிடும். ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீற்றர்தான் வரும். ஆகவே மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். 3 விநாடிக்கு ஒரு கிலோமீற்றர். வெள்ளவத்தையில் நின்று 12 வரை எண்ணினால் மின்னல் 4 கிலோமீற்றர் தள்ளி, கொள்ளுப்பிட்டிச் சந்தியளவு தூரத்தில். 30 வரை எண்ணினால் 10 கிலோமீற்றர். மொறட்டுவைப் பக்கம் என்று வையுங்கள். மொறட்டுவையில் விழுந்ததற்கு நான் ஏன் ஓட வேண்டும்? மின்னல் மேகத்துக்கு நேர் கீழேதான் விழும் என்றில்லை. மழை பெய்யும் இடத்திலிருந்து 10 கிலோமீற்றருக்கும் அப்பால், தலைக்கு மேல் நீலவானம் தெரிகிற இடத்தில்கூட அது விழுந்திருக்கிறது. முதல் மழைத்துளி விழும்வரை காத்திருப்பவர்கள் பிந்திவிடுகிறார்கள்.

30க்குள் இடி கேட்டால் உள்ளே போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகுதான் வெளியே. இந்த இரண்டு முப்பதும் உலகெங்கும் சொல்லப்படுபவை. ஆனால் காலி வீதியின் ஹோர்ன் சத்தத்தில் தூரத்து இடி காதில் விழாது. ஹெட்போன் போட்டவருக்குக் கேட்கவே கேட்காது. அதனால் எண்ணுவதெல்லாம் விருப்பப்பட்டால் செய்யுங்கள். இடி என்று ஏதாவது கேட்டாலே உள்ளே போவதுதான் சுலபமான விதி.

என் அம்மம்மா இடி இடித்தால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்பா. சொல்லலாம், தவறில்லை. உள்ளே இருந்து சொல்லுங்கள்.

வெளியே மாட்டிக்கொண்டால்

கொழும்பில் நாம் பின்னேரங்களில் போகும் இடங்களை நினைத்துப் பாருங்கள். காலிமுகத்திடல், வெள்ளவத்தைக் கடற்கரை, சுதந்திர சதுக்கம், விஹாரமகாதேவி பூங்கா, தியவன்னா ஓயாவின் நடைபாதை. எல்லாமே வெளி. மின்னல் காலமும் பின்னேரம், நம் உலாத்தலும் பின்னேரம்.

காலிமுகத்திடலில் ஏறக்குறைய அரைக் கிலோமீற்றர் நீளத்துக்கு மரமே இல்லை. நிற்கிற மனிதன்தான் உயரம். பட்டம் விடுகிற பிள்ளைகள் வேறு. ஈரமான பட்ட நூல் மின்சாரம் கடத்தும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். வானம் இருண்டால் நூலைச் சுற்றிக்கொண்டு நிற்காதீர்கள், பட்டத்தை விட்டுவிடுங்கள். 100 ரூபாயோ 500 ரூபாயோ போகட்டும். இறால் வடை வண்டியின் தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்குவதும், கடலோரக் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு மின்னலைப் படம் எடுப்பதும் நான் கண்ணால் கண்டவை. வீதியைக் கடந்து எதிரே உள்ள கட்டிடம் ஒன்றுக்குள் போங்கள். சனக்கூட்டத்தில் அதற்கே பத்து நிமிடம் பிடிக்கும். ஆகவே முதல் உறுமலிலேயே நடக்கத் தொடங்க வேண்டும்.

வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ கடற்கரைக்குப் போக ரயில் பாதையைக் கடக்கிறோம். ஈர மணல், தண்டவாளம், கம்பி வேலி, அங்கங்கே தனித்த தென்னை. ஒன்றும் நல்லதில்லை. மரைன் டிரைவைத் தாண்டி ஏதாவது ஒரு கடைக்குள் ஏறிவிடுங்கள். ஒரு பிளேன்ரீக்குச் சொல்லிவிட்டு இருந்தால் யாரும் எழுப்பமாட்டார்கள்.

பூங்காவில் மரத்தடிதான் பெரிய பொறி. மழைக்கு மரத்தடியில் ஒதுங்குவது கால் தானாகச் செய்யும் காரியம். மின்னல் மரத்தில் விழுந்தால் மரத்தோடு நின்றுவிடாது. அருகில் நிற்கும் ஆளுக்குப் பக்கவாட்டில் பாயும். வேரோடு இறங்கி நிலத்திலும் பரவும். மரத்திலிருந்து விலக விலக நிலத்தில் அந்த மின்னழுத்தம் குறையும். உங்கள் ஒரு பாதம் நிற்கும் இடத்துக்கும் மற்றப் பாதம் நிற்கும் இடத்துக்கும் வித்தியாசம் இருந்தால் மின்சாரம் ஒரு கால் வழியாக ஏறி மறுகால் வழியாக இறங்கும். மரத்தடியில் கட்டிய மாடுகள் கூட்டமாகச் சாவதற்கு இதுதான் காரணம்: முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம். மின்னல் பட்டவர்களில் நேரடியாகத் தலையில் வாங்கியவர்கள் சிறு பங்குதான். நிலத்தால் வந்ததும் பக்கத்துப் பொருளிலிருந்து பாய்ந்ததுமே அதிகம்.

கட்டிடமே இல்லாத இடமென்றால்? குந்தியிருந்து காதைப் பொத்து என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அமெரிக்க தேசிய வானிலைச் சேவை அந்த ஆலோசனையைக் கைவிட்டுப் பல வருடங்களாகிவிட்டன. குந்தியிருக்கும் நேரத்துக்கு நடந்தால் ஒரு கூரையை அடையலாம் என்பதே காரணம். நிலத்தில் படுக்கவே படுக்காதீர்கள். கூட்டமாக இருந்தால் கட்டிப்பிடித்து நிற்காமல் விலகி விலகி நடங்கள். ஒருவருக்கு ஏதாவது ஆனால் மற்றவர் உதவ வேண்டும்.

'தாமரைக் கோபுரம் இருக்கே, அது எல்லாத்தையும் இழுத்துக்கொள்ளும்' என்று ஓர் அறைத்தோழன் சொல்வான். கோபுரம் 350 மீற்றர் உயரம், மின்னல் அதில் பட வாய்ப்பு அதிகம்தான். ஆனால் இடிதாங்கி தன்னையும் தன் காலடியையும்தான் காக்கும். ஆறேழு கிலோமீற்றர் தள்ளி வெள்ளவத்தை மொட்டைமாடியில் நிற்பவனுக்கு அது ஒன்றும் செய்யாது.

வழியில் இருக்கும்போது

மூடிய வாகனம் நல்லது. டயரின் ரப்பர் காப்பாற்றுகிறது என்பது கதை. காப்பாற்றுவது உலோக உடல், மின்சாரம் அதன் வெளிப்புறமாக ஓடி நிலத்துக்குப் போய்விடும். ஆகவே காரும் பஸ்ஸும் சரி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கம்பியில் கை வைக்காமல் இருந்தால். நின்றுகொண்டு போகிறவர் கம்பியைப் பிடிக்காமல் காலி வீதி பஸ்ஸில் எப்படி நிற்பது என்று கேட்காதீர்கள். பஸ்ஸுக்கு உள்ளே இருப்பதே தரிப்பிடத்தில் நிற்பதைவிட எவ்வளவோ மேல். ரயிலும் அப்படித்தான், மிதிபலகையில் தொங்குகிறவருக்கு இது பொருந்தாது.

ஓட்டோவுக்கு றெக்சின் கூரை, பக்கம் திறப்பு. மழைக்கு ஓரளவு, மின்னலுக்கு இல்லை. மோட்டார் சைக்கிள், சைக்கிள்காரர்கள் நிறுத்திவிட்டுக் கடைக்குள் ஏறுங்கள். மேம்பாலத்துக்குக் கீழே கூட்டமாக நிற்பதைப் பார்க்கிறேன். கட்டிடம் கிடைக்காதபோது செய்யலாம், தூணில் சாயாமல்.

வீட்டுக்குள் வந்த பிறகு

கொழும்பில் மின்னல் நம்மைத் தேடி வருவது பெரும்பாலும் வயர் வழியாக. தெருவில் எங்கோ கறண்ட் கம்பத்துக்குப் பக்கத்தில் விழுந்தாலும் அந்தக் கம்பி எல்லா வீட்டுக்கும் போகிறது. என் ரவுட்டர் அப்படித்தான் போனது.

இடி வருமுன் புளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை நிற்பாட்டினால் போதாதா என்பார்கள். மூன்று கிலோமீற்றர் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்த மின்னலுக்குச் சுவிட்சுக்குள் இருக்கும் மூன்று மில்லிமீற்றர் ஒரு தடையா? ரவுட்டர், ரிவி, டெஸ்க்டொப், சார்ஜர், இந்த வரிசையில் கழற்றுங்கள். ரிவிக்கு டிஷ் வயரையும் டிகோடரிலிருந்து திருகி எடுக்க வேண்டும். பலர் மறப்பது அதைத்தான். செப்புக் கம்பியில் ரெலிபோன் லைன் வருகிற பழைய வீடு என்றால் அதையும். ஃபைபர் லைன் கண்ணாடி இழை என்பதால் அதன் வழியாகக் கறண்ட் வராது, ஆனால் ரவுட்டரின் அடாப்டர் சுவரில்தானே இருக்கிறது. இடி தலைக்கு மேலே வந்த பிறகு ஓடிப்போய்ப் புளக்கைத் தொடாதீர்கள். பிந்திவிட்டது, பொருள் போனால் போகட்டும்.

போடிங்குகளில் இன்னொரு கூத்து இருக்கிறது. இரண்டு முள் புளக்கைச் சதுரப் புளக் பேஸில் போடுவதற்கு மேல் ஓட்டையில் பேனையைக் குத்தித் திறப்போம். எல்லோரும் செய்கிறோம், நானும் செய்தேன். அந்த மேல் ஓட்டைதான் ஏர்த், கசிகிற கறண்டை நிலத்துக்கு இறக்கும் வழி. லைன், நியூட்ரல் ஓட்டைகளை மூடியிருக்கும் தகட்டைத்தான் பேனை விலக்குகிறது. புளக்குக்கு ஏர்த் கிடைப்பதில்லை. பழைய வீடு ஒன்றில் ஏர்த் சரியாக இருக்கிறதா என்று ஒரு நல்ல எலக்ட்ரிஷியனைக் கொண்டு பார்க்கும்படி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். ஏர்த் இல்லாத வீட்டில் விலை கூடிய சேர்ஜ் புரொட்டெக்டர் (திடீரென்று பாயும் கறண்டைத் தடுக்கும் கருவி) வாங்கிப் பொருத்தியும் பெரிய பிரயோசனம் இல்லை. ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்றால், அது கறண்ட் கசிந்து ஆளைப் பிடிக்காமல் இருப்பதற்கு. மின்னலின் வேகத்துக்கு ரிவியைக் காப்பாற்ற அதற்கு நேரமில்லை.

போனைப் பற்றிய பயம் தேவையில்லாதது. கைபேசி மின்னலை இழுக்காது. வீட்டுக்குள் பற்றரியில் தாராளமாகப் பேசலாம், வைஃபையும் பிரச்சினை இல்லை. சார்ஜில் போட்டபடி காதில் வைப்பதுதான் பிழை. லப்டொப்பும் அப்படியே. குளிப்பதையும் சட்டி பானை கழுவுவதையும் அரை மணித்தியாலம் தள்ளிப்போடுங்கள், தண்ணீரும் குழாயும் நல்ல கடத்திகள். பல்கனியிலும் ஜன்னல் கிறிலிலும் சாய்ந்து நின்று மழை பார்க்காதீர்கள். உள்ளே தள்ளிக் கதிரை போட்டும் மழை பார்க்கலாம்.

உடுப்பைப் பற்றி மறுபடியும்: இடி கேட்டுவிட்டதென்றால் அது நனையட்டும். அன்ரி கத்தினாலும் போகாதீர்கள். "அன்ரி, இடிக்குது, பிறகு நான் அலசித் தாறன்" என்று சொன்னால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வா. எங்கள் அன்ரி டிகோடர் போனதிலிருந்து என்னைக் கூப்பிடுவதே இல்லை.

யாருக்காவது பட்டுவிட்டால்

மின்னல் பட்டவர் எல்லாரும் சாவதில்லை. பத்தில் ஒன்பது பேரளவு பிழைக்கிறார்கள். சாகிறவர்கள் பெரும்பாலும் இதயம் நின்று சாகிறார்கள், அதுவும் யாரும் தொடப் பயந்து நிற்கிற அந்தச் சில நிமிடங்களில். பட்டவர் உடம்பில் கறண்ட் தங்கியிருக்காது. உடனே தொடலாம். கறண்ட் கம்பி அறுந்து அவர்மேல் கிடந்தால் மட்டும் கிட்டப் போகாதீர்கள், அது வேறு விடயம்.

1990ஐ அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை. மூச்சும் அசைவும் இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 5 சென்ரிமீற்றர் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருங்கள். அம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. களைத்தால் இன்னொருவர் மாறலாம். பலருக்குப் பட்டிருந்தால் அழுகிறவர், முனகுகிறவரை விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் கிடப்பவரிடம் முதலில் போங்கள். முனகுகிறவருக்கு மூச்சு இருக்கிறது. மணலில் புதைப்பது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் நேரத்தைத் தின்னும். எழுந்து நடக்கிறவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். காதுச் சவ்வு கிழிவது, நினைவு தடுமாறுவது வெளியே தெரியாது. இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. மரம் முறிந்தது, வீடு சேதம் போன்றவற்றுக்கு.

நமக்குப் பட எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டால், மிகக் குறைவு. ஆனால் அது லொத்தர் மாதிரி எல்லாருக்கும் ஒரே அளவில் விழுகிற வாய்ப்பு இல்லை. ரோய் சலிவன் என்ற அமெரிக்கருக்கு 1942க்கும் 1977க்கும் இடையில் ஏழு தடவை மின்னல் பட்டது. அவருடைய வேலை, மலைக்காட்டுப் பூங்கா ஒன்றில் ரேஞ்சர். அறைத்தோழன் அதை ராசி என்பான். நான் வேலையிடம் என்பேன்.

இடி ஓய்ந்த பிறகு

கடைசி இடியிலிருந்து அரை மணித்தியாலம். பிறகு புளக்குகளைப் போடலாம். கறண்ட் இல்லையென்றால் முதலில் பக்கத்து வீட்டைப் பாருங்கள். அங்கே லைட் எரிந்தால் உங்கள் ட்ரிப் சுவிட்ச்தான் விழுந்திருக்கும். எல்லாப் புளக்கையும் கழற்றிவிட்டு அதை மேலே தள்ளுங்கள், நின்றால் ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அதைத் திரும்பப் போடாதீர்கள். ஒன்றும் போடாமலே விழுந்தால் எலக்ட்ரிஷியன்தான். டேப் ஒட்டி நிற்கவைக்கிற ஆட்களைக் கிட்ட எடுக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் ஊருக்குப் போகிறவர்கள் ரவுட்டரையும் ரிவியையும் கழற்றிவிட்டுப் போவீர்கள், பிரிட்ஜைக் கழற்ற முடியாது. நீங்கள் போன பிறகு ஓர் இடிக்கு ட்ரிப் விழுந்தால், திங்கட்கிழமை கதவைத் திறக்கும்போது மீன் மணம் படிக்கட்டுவரை வரும். சாவியைப் பக்கத்து அறையில் கொடுத்து, இடித்தால் ஒருக்கா ட்ரிப்பைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.